இரண்டாவது பெட்டி

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலேறியபோது நிஷாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவள் உட்காரவில்லை. கதவோரத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. பொழுது சாய்ந்தும் ரயிலின் தகரம் தொட்டால் சுட்டது. அம்பத்தூரில் ஏறிய ஒரு பூக்காரம்மா, "குந்தேம்மா, எடம் கீதே" என்று அவள் கையைத் தட்டினாள். நிஷா தலையை மட்டும் ஆட்டினாள். பட்டாபிராம் வந்து இறங்கியதுகூட பழக்கத்தில் கால் இறங்கியதுதான். மனசு எஸ்டேட்டிலேயே இருந்தது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவள் வேலை பார்த்த கம்பெனி சின்னது. ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்து கொடுப்பது. சில வருஷங்களாக அங்கே எல்லோருக்கும் ஒரே வேலை. கண்ணிவெடி புதைந்த நிலத்தில் ஆளில்லாமல் ஓடவேண்டிய ஒரு சங்கிலிச்சக்கர வண்டிக்கு மூளை செய்யவேண்டும். தூரத்தில் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து ஒருவர் ஓட்டுவார். போ, திரும்பு, நில் என்று அவர் கொடுக்கும் கட்டளை வண்டியிலிருக்கும் ஒரு பெட்டிக்கு வரும். அதிலிருந்து கேபிள் வழியாகச் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் போகும். அந்தப் பெட்டி கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்காக அதே மாதிரி இன்னொரு பெட்டி. முதல் பெட்டி இடைவிடாமல் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று ஒரு சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி நின்றதும் இரண்டாவது பெட்டி வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். வண்டிக்கு வித்தியாசமே தெரியக்கூடாது.

நிஷா சோதனைப் பிரிவில் என்ஜினீயர். பெட்டிகளைக் கெடுத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. குலுக்குவாள், நனைப்பாள், கேபிளைப் பிடுங்குவாள், சேம்பர் என்று அவர்கள் சொல்லும் சூட்டு அலமாரிக்குள் வைத்துக் காய்ச்சுவாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பெட்டிகள் சேம்பருக்குள் நன்றாகக் காய்ந்திருந்த நேரத்தில் ஒரு பிரேக் கட்டளை போட்டாள். பிரேக்குக்குப் போகிற கம்பியில் ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டாள். வரவில்லை. முதல் பெட்டி வேலை செய்யாமல் உறைந்துவிட்டது என்று தெரிந்தது. சரி, இரண்டாவது எடுத்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். அது சும்மா இருந்தது. முதல் பெட்டி செத்த பிறகும் 'நன்றாக இருக்கிறேன்' என்ற சேதியை மட்டும் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். இரண்டு பெட்டியும் நலம் என்று திரையில் இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன.

எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பப் போட்டாள். நன்றாக ஓடியது. சாயங்காலம் வரை அதே சூட்டில் வைத்து அதே மாதிரி செய்து பார்த்தாள். அந்தக் கோளாறு திரும்ப வரவே இல்லை.

வியாழக்கிழமை அதிகாரிகள் முன்னால் வண்டியை ஓட்டிக் காட்டவேண்டும். அதற்கு முன் பெட்டிகள் சரியாக இருக்கின்றன என்று நிஷா கையெழுத்துப் போடவேண்டும். ட்ரையல் சமயத்தில் மட்டும் வண்டிக்குள் ஓர் ஆள் உட்கார்ந்து போவது முறை. ஏதாவது ஆனால் அமுக்குவதற்கு அவன் கையருகில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொத்தானின் சேதியும் இதே பெட்டிகள் வழியாகத்தான் பிரேக்குக்குப் போயாக வேண்டும். அன்றைக்கு உள்ளே உட்காரப் போகிறவன் அருள். நிஷாவின் புருஷன்.

அவர்கள் வீடு பட்டாபிராமில், ராணுவச் சரக்கு ரயில் போகிற தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. இரண்டு அறை, முன்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு. அருளின் அம்மா பொன்னியம்மா திருமுல்லைவாயலில் ஓர் அபார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் போன உடம்பு என்பதால் பத்து மாடிப் படியைக் கழுவிவிட்டு வந்தும் அடுப்படியில் நிற்பாள். அருள் ஐ.டி.ஐ. படித்தவன். அதே கம்பெனியில் பெட்டிகளை வண்டியில் பொருத்தி, கூடவே போய்ப் பார்த்துவரும் ஃபீல்டு வேலை. இன்னும் கான்ட்ராக்ட்தான். இந்த ட்ரையல் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் ஆக்கிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். தெருவில் பாதிப் பேருக்கு அதைச் சொல்லி முடித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்னியம்மா சென்னாகுனி என்கிற பொடி இறால் கருவாடு போட்டுக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது நிஷா சேம்பரில் நடந்ததைச் சொன்னாள். அருள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கேட்டான்.

"ஒரு தபா தானே ஆச்சு?"

"ஒரு தபாதான்."

"திரும்ப வரலல்ல?"

"வரல. வந்திருந்தா எங்க தப்புன்னு பாத்திருப்பேன். வரலன்றதாலதான் பயமா கீது."

டெஸ்ட் மேஜையில் ஏதாவது ஒயர் லூஸாக இருந்திருக்கும் என்றான் அருள். இருக்கலாம் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். அவன் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"நீ ட்ரையல நிறுத்துனா கம்பெனில இன்னா பேசுவானுங்கோ தெரியுமா? புருஷன் குந்துறான்னு பொண்டாட்டி வண்டிய நிறுத்திட்டாம்பானுங்கோ."

ரயிலில் நின்றுகொண்டே வந்தபோது அவள் தன்னையே கேட்டுக்கொண்டதும் அதுதான். உள்ளே உட்காருகிறவன் யாரோ ஒருவனாக இருந்திருந்தால், ஒரே ஒரு தடவை வந்துபோன கோளாறுக்கு இவ்வளவு பயப்பட்டிருப்பேனா?

திங்கட்கிழமை மேனேஜர் தட்சிணாமூர்த்தியிடம் போய்ச் சொன்னாள். கும்பகோணத்துக்காரர், எஸ்டேட்டிலேயே தலை நரைத்தவர். அவள் சொன்னதை அவர் தட்டிவிடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாள் முழுக்க அவளோடு சேம்பர் பக்கத்தில் நின்றார். கேபிள்களை மாற்றினார், மேஜையை மாற்றினார், சூட்டை ஏற்றி இறக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ட்ரையல் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது தடவை கேட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும், பிறகு இங்கே முக்கால்வாசிப் பேருக்கு வேலை இருக்காது என்றார். மிரட்டுவதாகச் சொல்லவில்லை. அவர் குரலில் களைப்புதான் இருந்தது.

"உங்க நிலைமை எனக்குப் புரியறது நிஷா. அருள் வேண்டாம். நம்ம ஃபீல்டு பையன் சம்பத் உக்காரட்டும். அவனுக்கும் ட்ரெயினிங் குடுத்திருக்கு. நீங்க நிம்மதியா கையெழுத்துப் போடலாம்."

"சம்பத்துக்கு விஷயம் தெரியுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சா வீணா பயந்துப்பான். ஒண்ணும் ஆகப்போறதில்ல. தெரிய வேண்டாம்."

அந்த நிமிஷத்தில் நிஷாவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது என்பதுதான் நிஜம். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து ஸ்டேஷனுக்கு நடந்தபோது கால்கள் லேசாக இருந்தன. ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். திருமுல்லைவாயல் தாண்டும்போதுதான், நாளைக்கு சம்பத் "அக்கா, டீ சாப்ட்டியா" என்று வந்து நின்றால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற நினைப்பு வந்தது.

வீட்டில் இதைச் சொன்னதும் அருள் கொதித்துப்போனான். வருஷக்கணக்காக வெயிலில் அந்த வண்டியோடு கிடந்தவன் தான், கடைசி நாளில் இன்னொருத்தன் ஏறி உட்காருவதா என்றான். பயமாக இருக்கிறதென்று நான் யாரிடமாவது சொன்னேனா என்றான். பொன்னியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சும்மா கெட. அந்த சாரு நல்ல மன்சன். எவன் குந்துனா இன்னா, எம்புள்ள குந்த வேணாம்."

"சம்பத்துக்கும் ஊட்ல அம்மா கீறாங்க அத்தை" என்றாள் நிஷா.

"கீறாங்கோ. அதுக்கு நான் இன்னா பண்றது? எனக்கு வந்தப்ப எவ வந்து நின்னா?"

பொன்னியம்மாவின் புருஷன் துலுக்கானம் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர். அருள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மிஷினில் மாட்டி இறந்துபோனார். நிஷாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அருளுக்கும் அதற்கு மேல் தெரியாது. பொன்னியம்மா முறத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு அந்த மிஷினு அவருதே கெடியாது. கஜபதின்னு ஒருத்தன், அவன் மிஷினு அது. ரெண்டு நாளா தானா எறங்குது, எறங்குதுன்னு ஊட்ல சொல்லிகினு இருந்துகிறான். அவன் பொண்டாட்டி போயி சூப்பரவைசர் கால்ல வுழுந்து அவன வேற மிஷினுக்கு மாத்திகினா. உங்கப்பன அங்க நிக்க வெச்சாங்கோ. தானா எறங்குதுன்னு அவருகிட்ட ஒருத்தன் சொல்லல."

அருள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? அந்தப் பொம்பளயப் போயி அடிப்பியா? அவளும் புருஷனக் காப்பாத்திகினா, அவ்ளோதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. கை நின்றது. சாய்ப்புக்கு அப்பால் தண்டவாளத்தில் ஒரு என்ஜின் ஷண்ட்டிங் ஆகிக்கொண்டிருந்தது. அது போனதும் பொன்னியம்மா எழுந்து அரிசியைப் பாத்திரத்தில் கொட்டினாள். முகத்தைத் திருப்பாமலே, "அந்தப் பையங்கிட்ட சொல்லிடு நிஷா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கேன்டீனில் வைத்து சம்பத்திடம் நிஷா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். அருளுக்கு இடுப்பு வலியென்று சார் சொன்னாரே என்றான். பிறகு சிரிப்பு நின்றது. டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

"அருளு தெரிஞ்சேவா ஒத்துகினான்?"

"தெரிஞ்சேதான்."

"நான் மாட்டேங்க்கா" என்றான். கொஞ்சம் வெட்கத்தோடு.

அங்கிருந்து நேராகத் தட்சிணாமூர்த்தியின் அறைக்குப் போனாள். கையெழுத்துப் போட முடியாது என்றாள். அருள் உட்கார்ந்தாலும் முடியாது, சம்பத் உட்கார்ந்தாலும் முடியாது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போடாட்டாலும் நான் போட முடியும். தெரியுமில்லையா?"

"தெரியும் சார். போடுங்க. ஆனா உள்ள உக்கார்றவருக்கு இது தெரிஞ்சிருக்கணும். யாரா இருந்தாலும்."

சம்பத்திடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றாள். அவர் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவளைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மத்தியானத்துக்குள் அவர் கதவைச் சாத்திக்கொண்டு அதிகாரிகளுக்குப் போன் செய்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்ன கோளாறு என்பதை மறைக்காமல் சொன்னாராம். இரண்டு வாரம் கொடுத்தார்கள். இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் கேன்டீனுக்குப் போனால் பேச்சு அடங்கியது. புருஷனுக்காக வண்டியை நிறுத்திவிட்டாள் என்று அருள் சொன்ன அதே வார்த்தையை, பெட்டிகளை அசெம்பிளி செய்யும் பிரிவில் இருந்த குணசேகரன் சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. அவள் அதற்குச் சண்டைக்குப் போகவில்லை. குணசேகரனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், திருநின்றவூரில் இப்போதுதான் மனை வாங்கிக் கடைக்கால் போட்டிருந்தான். அருள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். காலையில் ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில் ஏறினார்கள். பொன்னியம்மா மட்டும் இருவருக்கும் ஒரே பையில் சோறு கட்டி, அதை நிஷாவிடம் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவன் வந்து தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போவான்.

சேம்பரில் பெட்டிகள் காய்ந்துகொண்டே இருந்தன. நிஷா பிரேக் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றிருக்கும் என்றே திரை சொன்னது. ஒரு வாரம் போனதும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தான் பார்த்தது நிஜம்தானா? வெக்கையில் கண் ஏமாற்றிவிட்டதா? அன்றைக்கு டப்பாவை எடுக்க வந்த அருள் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றான். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தானோ என்னவோ. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ துன்னு. நான் போட்டுகினு கீறேன்" என்றான்.

அப்போதிலிருந்து முறை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பேச்சு பெட்டியைப் பற்றி மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் எஸ்டேட் முழுக்கக் கரண்ட் போனது. விளக்குகள் மங்கி, ஒரு தடவை துடித்து, வெளியே ஜெனரேட்டர் உறுமிப் பிடித்துக்கொண்டதும் மறுபடி எரிந்தன. வெயில் காலத்தில் அது அங்கே நடப்பதுதான். யாரும் தலை நிமிர்வதில்லை. அருள் மட்டும் திரையைப் பார்த்தபடி, "நிஷா, பிரேக் போடு" என்றான். அவன் குரல் மாறியிருந்தது.

போட்டாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு பச்சை விளக்குகளும் எரிந்தன.

இருவரும் எதையும் தொடாமல் நின்றார்கள். மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்த மாதிரி. சனிக்கிழமையும் ஜெனரேட்டர் ஓடியது அப்போதுதான் நிஷாவுக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு பெட்டிகள் காய்ந்திருந்த நேரத்தில் கரண்ட் போனதே இல்லை. வழக்கமாக நடப்பது என்பதால் அன்றைக்குக் கரண்ட் போனதை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை.

தட்சிணாமூர்த்தி ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், கேபிள்களைப் பார்த்தார், நிஷா வைத்திருந்த பதிவுகளைப் பார்த்தார். பெட்டி நன்றாகச் சூடேறியிருக்கும்போது மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தால், யோசிக்கிற பாதி உறைந்துவிடுகிறது. சேதி அனுப்புகிற பாதி தனியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "சூடான என்ஜினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் வண்டியிலயும் இப்படித்தான் தாழும்" என்றார். போன வியாழக்கிழமை ட்ரையலில் உச்சி வெயிலில் பல தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதாக இருந்தது. அவர் எழுந்து போகும்போது நிஷாவின் தோள் பக்கத்தில் கையை ஒரு கணம் வைத்தது போல வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கம்பெனியே அந்த ஒரு வேலையில் இறங்கியது. வெறுமனே 'நன்றாக இருக்கிறேன்' என்று சொன்னால் இனி போதாது. இரண்டாவது பெட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கணக்கைக் கேட்கும். முதல் பெட்டி யோசித்துச் சரியான விடையைச் சொல்லவேண்டும். விடை வராவிட்டாலோ தப்பாக வந்தாலோ இரண்டாவது உடனே பிரேக்கைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். சிவப்புப் பொத்தானிலிருந்து, பெட்டிகளைத் தொடாமல், நேராகப் பிரேக்குக்குத் தனிக் கம்பி இழுத்தார்கள். அதை இழுத்து முடித்தவன் குணசேகரன். நிஷா கரண்டைத் தாழ்த்தித் தாழ்த்திப் பெட்டியைச் சாகடித்தாள். இரண்டாவது பெட்டி ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொண்டது. கடைசியில் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு ரயிலில் அருள் அவள் பெட்டியிலேயே ஏறினான். ஆவடி தாண்டியதும், "நான்தான் குந்துவேன்" என்றான். "தெரியும்" என்றாள் அவள்.

ட்ரையல் மைதானம் ஆவடியைத் தாண்டி முள்வேலிக்குள் இருந்தது. புல் கருகி, செம்மண் வெந்துகிடந்தது. ஒரு கோடியில் ஆள் உயரத்துக்கு மண்கரை. அதற்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு. சூடான வண்டியை நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்து, கரையைப் பார்த்து முழு வேகத்தில் ஓட்டவேண்டும். பாதி வழியில் வேனிலிருந்து முதல் பெட்டியை உறைய வைக்கவேண்டும். இரண்டாவது பெட்டி தானாக எடுத்துக்கொண்டு கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தவேண்டும். கோட்டைத் தாண்டினால்தான் அருள் பொத்தானை அமுக்கலாம், அதற்கு முன்னாலேயே அமுக்கினால் ட்ரையல் தோற்றதாகிவிடும். ஆனால் அந்த வேகத்தில் அதற்குப் பிறகு அமுக்கினால் வண்டி கரைக்குள் மூக்கை விட்டுத்தான் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வேனுக்குள் ஏ.சி. போதவில்லை. தட்சிணாமூர்த்தி அவள் பக்கத்தில் வந்து மெல்ல, உறைய வைக்கும் கட்டளையை நான் போடுகிறேன், நீங்கள் வெளியே போய் நில்லுங்கள் என்றார். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் போட்றேன் சார்" என்றாள்.

வண்டி புகை கக்கிக்கொண்டு நின்றது. திரும்ப உறுமியது. புழுதி கிளம்பியது. திரையில் கரை பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்னாலிருந்த அதிகாரி 'இப்போது' என்றார்.

நிஷா அமுக்கினாள்.

ஒரு பச்சை விளக்கு அணைந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையை விட்டுவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். புழுதிக்குள் வண்டியே தெரியவில்லை. என்ஜின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு சங்கிலி மண்ணைக் கிழிக்கிற ஓசை கேட்டது, அதுவும் அடங்கியது. புழுதி மெல்லக் கலைந்தபோது சுண்ணாம்புக் கோடு வண்டிக்கு முன்னால் வெள்ளையாகக் கிடந்தது.

ஒயர்லெஸ்ஸில் சில கணம் இரைச்சல். பிறகு அருளின் குரல்.

"நின்னுச்சி. யாருனா தண்ணி எடுத்துகினு வாங்க."

அவளே எடுத்துக்கொண்டு போனாள். மேல்மூடியைத் திறந்து அருள் இடுப்புவரை வெளியே வந்திருந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டினாள். அவன் எட்டி வாங்கினான்.

"கோட்டுக்கு முன்னாடியே அமுக்கிடலாம்னு கட்ட வெரலு போயிடிச்சி நிஷா" என்றான். சத்தம் வெளியே போகாமல். "பயந்துட்டேன்."

"ஏன் அமுக்கல?"

அவன் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டான். "நீதான வேன்ல கமாண்டு போட்ட? வேற எவனாது போட்டிருந்தா அமுக்கியிருப்பேன்."

வேன் பக்கமிருந்து தட்சிணாமூர்த்தி கைகாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் திரையைச் சுற்றி நின்று பேசி முடித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டியைப் பார்த்து விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு தடவை.

அருள் பாட்டிலை அவளிடம் கொடுத்தான். முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு உள்ளே இறங்கினான். மூடி சாத்திக்கொண்டது. நிஷா வெந்த மண்ணில் வேனை நோக்கித் திரும்ப நடந்தாள்.